காற்றின் விசையைத் தராசிலிட்டவர்: பேராசிரியர் சதீஷ் தவான்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தே, செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள கரடியனாறு, வயல்களும் குளங்களும் சூழ்ந்ததொரு விவசாயப் பிரதேசமாகும். தென்மேற்குப் பருவக்காற்றானது மலைநாட்டில் தன் மழையைப் பொழிந்துவிட்டு, மறுபுறத்தே வறண்டு வெம்மையுற்று இறங்குகின்ற ஜூன், ஜூலை மாதங்களில் இப்பிரதேசமெங்கும் கச்சான் வீசும். கடற்காற்றையும் எதிர்த்து மேற்செல்லும் வலிமை வாய்ந்த இக்காற்று, ஆங்கில வளிமண்டலவியல் அகராதியிலே கச்சான் என்ற எமது பெயராலேயே, மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரையும் சேர்த்துப் பதிவு பெற்றுள்ளது என்பதை எம்மவருட் பலர் அறியார். களத்தில் நின்று பொலி தூற்றும் உழவருக்கோ அகராதி தேவையில்லை. சுளகை எவ்வளவு உயர்த்தினால் மணி காலடியில் விழும், பதர் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவருடைய கை அறியும். ஆனால் கை அறிந்ததை எண்ணாக எழுதி இன்னொருவருக்குக் கொடுத்தல் இயலாது. அதற்குக் கருவி வேண்டும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலைக் கண்டவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். அன்று பல வீடுகளின் கூரைகள் தள்ளி வீழ்த்தப்படவில்லை, தூக்கி எடுக்கப்பட்டன. கூரையின் மேலாக விரைந்து செல்லும் காற்றினால் அதன் மேற்புறத்தே அமுக்கம் குறைகின்றது. வீட்டினுள்ளே அடைபட்ட காற்றின் அமுக்கம் அவ்வாறு குறைவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடே தகரத்தையும் ஓட்டையும் பெயர்த்து மேலே கொண்டுசென்றது. விமானத்தின் சிறகையும் வாவியின் மேலே வட்டமிடும் செம்பருந்தின் சிறகையும் ஏந்தி நிற்பது இவ்வினத்தைச் சேர்ந்த விசையே. இதனைத் தூக்குவிசை என்பர். காற்றின் வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். சாதாரண காற்றில் பல ஆண்டுகள் அசையாதிருந்த கூரை, புயலில் ஒரே கணத்தில் பறந்தமைக்குக் காரணம் இதுவே.

அவ்விசை எவ்வளவு என்பதை அறிய வேண்டுமாயின், சிறகின் சிறு மாதிரியொன்றைக் கூண்டில் நிறுத்தி, அதன்மீது காற்றைச் செலுத்தி, அது எத்தனை பலத்துடன் மேலெழுகின்றது என்பதைத் தராசால் அளக்க வேண்டும். அக்கூண்டே காற்றுச் சுரங்கம் எனப்படுகின்றது. எமது அயல் நாடான இந்தியாவில் இக்கலையை வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் சதீஷ் தவான் ஆவார். ரொக்கெட்டுகளோடு சேர்த்தே உலகம் அவரை நினைவிற் கொள்கின்றது. அதில் தவறில்லை. எனினும், ரொக்கெட்டுக்கு முன்னரும் பின்னரும் அவர் அளவீட்டாளராகவே வாழ்ந்தார் என்பது எமது எண்ணம். அவருடைய வாழ்வை அந்த வழியாகவே இங்கு நோக்க விழைகின்றோம்.

1920ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25ஆம் திகதி காஷ்மீரத்துச் சிறீநகரில் அவர் பிறந்தார். தந்தையார் நீதித்துறையைச் சேர்ந்தவர். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் கற்று முதற் பட்டம் பெற்றார். அடுத்து ஆங்கில இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதன் பின்னர் இயந்திரப் பொறியியலில் 1945இல் பட்டம் பெற்றார். கலையும் விஞ்ஞானமும் இரு வேறு வாசல்கள் என்றும், ஒன்றினுள் நுழைந்தவர் மற்றதைத் திரும்பிப் பார்த்தலாகாது என்றும் பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பிரித்துவிடும் எமது கல்வி முறைக்கு இந்த வரிசை விநோதமாகத் தோன்றலாம். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றின் தெளிவை நோக்குவோருக்கு அந்த இலக்கியக் கல்வி வீண்போகவில்லை என்பது புரியும்.

பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவர் கற்ற லாகூர் நகரம் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. இளமைக்காலத்து ஊர் எல்லைக்கு அப்பாற் போய்விடுவது எத்தகையதென்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மினசோட்டாவிலிருந்து அவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஹான்ஸ் லீப்மன். அவருடைய ஆய்வுகூடத்தில் தவான் மேற்கொண்ட பணியின் அருமையை உணர வேண்டுமானால், விமானவியலில் அளவீடு பெற்ற இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

உலகின் முதலாவது காற்றுச் சுரங்கத்தை 1871இல் இங்கிலாந்தில் அமைத்தவர் பிரான்சிஸ் வெனாம் என்பவர். ஆனால் ஒரு சுரங்கம் வரலாற்றையே மாற்றியது அமெரிக்காவின் டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடையொன்றிலே தான். ரைட் சகோதரர் 1900இலும் 1901இலும் செய்த மிதவை விமானங்கள், கணக்கிட்ட தூக்குவிசையைத் தரவில்லை. அவர்கள் நம்பிக் கணக்கிட்டவை பிறர் வெளியிட்டிருந்த அட்டவணைகளும், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எல்லோரும் ஐயமின்றிப் பயன்படுத்தி வந்த சிமீற்றன் குணகம் என்ற எண்ணுமாகும். சகோதரர்கள் அட்டவணைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, 1901இன் இலையுதிர் காலத்தில் ஆறடி நீளமும் பதினாறு அங்குல அகலமும் கொண்ட மரப்பெட்டியொன்றைச் செய்தனர். அதன் ஒருமுனையில் விசிறி. உள்ளே சைக்கிள் கம்பிகளாலும் இரும்பறுக்கும் வாள் அலகுகளாலும் ஆன தராசு. சிறகின் தூக்குவிசையை, அதே காற்றில் நிற்கும் தட்டையான சிறு தகடுகளின் எதிர்ப்போடு அத்தராசு ஒப்பிட்டது. எனவே காற்றின் வேகம் சற்றுக் கூடிக் குறைந்தாலும் முடிவு பாதிக்கப்படவில்லை. ஏறத்தாழ இருநூறு சிறகு வடிவங்களை அவர்கள் சோதித்தனர். 0.005 என நம்பப்பட்ட குணகம் உண்மையில் 0.0033 அளவினதே என்பது தெரியவந்தது. 1903 டிசெம்பரில் அவர்களது விமானம் பறந்தமைக்கு அடித்தளம் அந்த மரப்பெட்டியாகும்.

தவான் எடுத்துக்கொண்டது இதனினும் நுண்ணியதோர் அளவீடு. சிறகைத் தொட்டுக்கொண்டு செல்லும் காற்று, சிறகின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றது. அதற்குச் சற்று மேலேயுள்ள காற்று மெதுவாகவும், இன்னும் மேலேயுள்ளது விரைவாகவும் செல்கின்றது. இந்த மெல்லிய பகுதியை எல்லைப்படை என்பர். விமானத்தைப் பின்னிழுக்கும் உராய்வு இங்கேதான் பிறக்கின்றது. தூக்குவிசையின் விதியும் இங்கேதான் முடிவாகின்றது. எல்லைப்படை சிறகின் மேற்புறத்தோடு ஒட்டிச் செல்லும் வரை சிறகு தூக்கும். அது பிரிந்து அகன்றால் தூக்குவிசை சரிந்துவிடும். இவ்வளவு முக்கியமான உராய்வு விசையைப் பெரும்பாலும் மறைமுகமாகவே, அதாவது காற்றின் வேகத்தை அங்கங்கே அளந்து அதிலிருந்து கணக்கிட்டே அக்காலத்தில் அறிந்து வந்தனர்.

தவான் அதனை நேரடியாகத் தராசிலிட முனைந்தார். தட்டையானதொரு தகட்டின் மேற்பரப்பிலே சிறு துண்டொன்றை மட்டும் தனியே பிரித்து, சுற்றிலும் மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, மெல்லிய வில்தகடுகளின் பிடியில் மிதக்க விட்டார். காற்று தகட்டின்மீது உராய்ந்து செல்லும்போது அத்துண்டு இம்மியளவு நகரும். அந்த நகர்வை மின்முறையால் அளந்தால் உராய்வு விசை எண்ணாக வெளிப்படும். சொல்வதற்கு எளிது. துண்டு தகட்டின் மட்டத்துக்குச் சற்று மேலே நின்றாலோ தாழ்ந்தாலோ, இடைவெளியூடாகக் காற்று கசிந்தாலோ, நிலம் அதிர்ந்தாலோ அளவீடு முழுவதும் பொய்த்துவிடும். ஒலியினும் குறைந்த வேகத்திலும், ஒலியை விஞ்சிய வேகத்திலும் அவர் இவ்வளவீட்டைச் செய்துகாட்டினார். 1951இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்க அரசின் வானூர்தி ஆலோசனைக் குழு 1953இல் அவ்வாய்வைத் தனது அறிக்கைகளுள் ஒன்றாக வெளியிட்டது. மேற்பரப்பு உராய்வை அளப்போர் பின்னர் பல தசாப்தங்களாக எடுத்து நோக்கிய ஆய்வுகளுள் அதுவும் ஒன்றாக விளங்கிற்று.

அத்தகைய திறமையாளர் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அவர் 1951இலேயே பெங்களூர் திரும்பி இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகத்தில் விமானப் பொறியியல் துறை 1942ஆம் ஆண்டு டிசெம்பரில், உலக யுத்தத்தின் நடுவே தொடங்கப்பட்டது. எல்லைப்படை என்ற கருத்தையே உலகுக்கு வழங்கிய ஜேர்மனியப் பேரறிஞர் பிராண்டிலிடம் பயின்ற வி. எம். காட்கே அதன் தொடக்ககாலத் தலைவர். ஏழடிக்கு ஐந்தடி அளவான காற்றுச் சுரங்கமும் அங்கு இருந்தது. ஆனால் ஒலியை விஞ்சிய வேகத்துக்கு அது உதவாது. தவான் அங்கே அமைத்த முதலாவது மீயொலிக் காற்றுச் சுரங்கம் மிகச் சிறியது. அடிக்கணக்கில் அன்று, அங்குலக் கணக்கில் அளக்கப்பட்டது. பணம் வரட்டும், வெளிநாட்டிலிருந்து கருவி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சந்தையிற் கிடைக்காதவற்றை மாணவரும் தொழில்நுட்பவியலாளரும் தாமே செய்தனர். கருவியைத் தானே செய்தவனுக்கே அது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பது தெரியும். இந்த ஆசிரியரிடம் மாணவர் பெற்ற பெருஞ்செல்வம் இதுவென்றே நாம் கருதுகின்றோம்.

1955இல் தவான் அத்துறையின் தலைவரானார். 1959இல் அங்கு பதினான்கடிக்கு ஒன்பதடி அளவான மிகப் பெரிய காற்றுச் சுரங்கம் பயன்பாட்டுக்கு வந்தது. அதனை வடிவமைத்தவர் அவருக்கு முன்னர் துறைக்குத் தலைமை தாங்கிய ஜேர்மனியரான டீட்ஜென்ஸ் என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு 1961 ஜூன் மாதத்திற் பறந்த மாருத் போர்விமானத்தின் மாதிரிகள் பெங்களூர்ச் சுரங்கத்திலே சோதிக்கப்பட்டன. தவானோடு சேர்ந்து எல்லைப்படை அமைதியான ஓட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் விதத்தை ஆராய்ந்து 1958இல் கட்டுரை வெளியிட்ட இளைஞர் ரொத்தம் நரசிம்மா, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். இந்தியத் தேசிய விமானவியல் ஆய்வுகூடத்தில் 1967இல் இயங்கத் தொடங்கிய 1.2 மீற்றர் காற்றுச் சுரங்கத்தின் பின்னாலும் தவானின் தூண்டுதல் இருந்தது.

அத்தகைய சுரங்கமொன்றில் நடைபெறுவது என்ன? சிறகின் மாதிரி ஒரு தண்டின்மீது பொருத்தப்பட்டிருக்கும். தண்டின் மறுமுனை தராசில் இருக்கும். காற்றைச் செலுத்தி, சிறகின் சாய்வைப் பாகை பாகையாகக் கூட்டிச் செல்வர். ஒவ்வொரு சாய்விலும் மேல்நோக்கிய விசை, பின்னோக்கிய விசை, மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ முனையும் திருப்பம் ஆகிய மூன்றும் பதியப்படும். சாய்வு கூடக்கூடத் தூக்குவிசை நேர்கோடாக ஏறும். ஏறத்தாழப் பதினைந்து பாகையை அண்மியதும் கோடு வளைந்து கீழிறங்கும். எல்லைப்படை பிரிந்துவிட்டது என்பது அதன் பொருள். வானத்தில் இது நிகழ்ந்தால் விமானி வீழ்வான். சுரங்கத்தில் நிகழ்ந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் விழும். இன்னொரு முறையும் உண்டு. சிறகின் மேலும் கீழும் ஊசித்துளைகளை இட்டு, குழாய்களால் திரவ நிரல்களோடு இணைப்பர். காற்று வீசியதும் மேற்புறத் துளைகளுக்குரிய நிரல்கள் உயர்ந்து நிற்கும். அங்கு அமுக்கம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கண்ணாலேயே காணலாம். அவற்றைக் கூட்டினால் தூக்குவிசை கிடைக்கும். தராசு காட்டிய எண்ணும் துளைகள் காட்டிய எண்ணும் ஒத்துவராவிடின், ஆய்வாளர் அன்று வீடு செல்லமுடியாது.

இங்கு எமது பாடசாலைகளைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்ல மனம் இடந்தரவில்லை. க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலிலே பேர்னூலியின் தேற்றமும், அதன் பிரயோகமாக விமானச் சிறகும் கற்பிக்கப்படுகின்றன. சிறகின் மேற்புறம் வளைந்து நீண்டிருப்பதால், மேலே செல்லும் காற்று கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் மறுமுனையை அடைவதற்காக விரைந்து ஓடுகின்றது என்றொரு விளக்கம் உலகெங்கும் பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அது பிழையானது. சுரங்கத்தில் புகையிழைகளை விட்டுப் பார்த்தவர்கள், மேற்புறக் காற்று கீழ்ப்புறக் காற்றுக்காகக் காத்திராமல் முந்திச் சென்றுவிடுவதைக் காண்கின்றனர். பார்த்தவருக்கு இந்த ஐயமே எழாது. பாராதவர் பிழையான விளக்கத்தையும் மனனஞ் செய்து புள்ளி பெற்றுவிடலாம். கரடியனாறு போன்ற பிரதேசங்களிலிருந்து விஞ்ஞானம் கற்க வரும் பிள்ளை, தூக்குவிசையைச் சூத்திரமாகவே காண்கின்றது. அதே பிள்ளையின் பாட்டனார் 1978இல் கூரை பறந்ததைக் கண்டிருப்பார். இவ்விரண்டும் ஒன்றே என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டுவார் இல்லை.

காட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மேசை மின்விசிறி ஒன்று, காற்றை நேராக்குவதற்கு அடுக்கி ஒட்டிய குடிபானக் குழாய்கள், ஓர் அட்டைப் பெட்டி, தடித்த கடதாசியால் வளைத்த சிறகு, கடையிற் சீனி நிறுக்கும் எண்மானத் தராசு ஆகியவை போதும். சிறகைத் தராசின்மீது தண்டில் நிறுத்தி விசிறியைச் சுழலவிட்டால், தராசு காட்டும் நிறை குறையும். குறைந்தது எத்தனை கிராமோ அதுவே தூக்குவிசை. சாய்வை மாற்றி மாற்றி எழுதினால் ரைட் சகோதரர் கண்ட கோடு மாணவரின் கொப்பியிலும் தோன்றும். செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அயற் பாடசாலைகளின் ஆசிரியர்களை அழைத்து இத்தகைய பெட்டிகளைச் செய்விப்பது அதற்கு இயலாத காரியமன்று. அளந்து அறிதல் இம்மண்ணுக்கு அந்நியமானதும் அன்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழின் நரம்புகளையும் சுரங்களையும் கணக்கிட்டு அவர் இயற்றிய யாழ்நூல், தவான் முதுமாணிப் பட்டம் பெற்ற அதே 1947இல் வெளிவந்தது.

1962இல் தவான் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பணிப்பாளரானார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. 1981 வரை அப்பதவியில் இருந்தார். அவரது காலத்தில் கழகம் புதிய துறைகள் பலவற்றினுட் புகுந்தது. பேரறிஞர் ஜி. என். இராமச்சந்திரன் சென்னையிலிருந்து அங்கு சென்று மூலக்கூற்று உயிர்ப் பௌதிகப் பிரிவை நிறுவியது இக்காலத்திலேயே. கிராமங்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுசெல்வதற்கென 1974இல் பேராசிரியர் ஏ. கே. என். ரெட்டியின் முயற்சியால் அஸ்திரா என்ற பிரிவும் உருவாயிற்று. அடுப்பும் சாணவாயுவும் உயர் ஆய்வுக்கு உரியனவா என்று முகஞ்சுளித்தோர் அன்றும் இருந்தனர். பணிப்பாளர் இடந்தந்தார்.

விண்வெளி ஆய்வின் தலைவராக விளங்கிய விக்கிரம் சாராபாய் 1971 டிசெம்பர் 30ஆம் திகதி திடீரெனக் காலமானார். தவான் அப்பொழுது விடுமுறை பெற்று, தாம் பயின்ற கலிபோர்னியாக் கழகத்தில் இருந்தார். பொறுப்பை ஏற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, அவர் இரு நிபந்தனைகளை விதித்தார். விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும். தாம் விஞ்ஞானக் கழகத்தின் பணிப்பாளராகவும் தொடர வேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972 முதல் 1984 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக அவர் பணியாற்றினார். ஆரியபட்டா செய்மதி 1975 ஏப்ரலில் ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே அமெரிக்கச் செய்மதியொன்றின் மூலம் இந்தியாவின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கும் பரிசோதனையும் தொடங்கிற்று. அந்த ஒளிபரப்பைப் பெறுவதற்கான அலைவாங்கி ஒன்றைக் கொழும்பிலே எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்தில் இந்தியப் பொறியியலாளர்கள் அமைத்துக் கொடுத்தனர் என்பது எம் நாட்டோடு தொடர்புடையதொரு சிறு செய்தி.

எஸ்.எல்.வி. 3 என்பது இந்தியாவின் முதலாவது செய்மதி ஏவு ரொக்கெட். 22 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 17 தொன் நிறையும் உடையது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அதன் திட்டப் பணிப்பாளர். 1979 ஓகஸ்ட் 10ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து அது புறப்பட்டது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதியில் அமிலம் கசிந்துபோனதால், ரொக்கெட் திசை தடுமாறி வங்கக் கடலில் வீழ்ந்தது. பல ஆண்டுகால உழைப்பு ஐந்து நிமிடங்களில் நீருட் போயிற்று. அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டவர் தவான். தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். தமது அணியின்மீது நம்பிக்கை இருப்பதாகவும், அடுத்த முறை வெற்றி கிட்டும் என்றும் தெரிவித்தார். 1980 ஜூலை 18ஆம் திகதி அதே வகை ரொக்கெட் ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் இட்டது. அன்று செய்தியாளர்முன் செல்லுமாறு அவர் கலாமைப் பணித்தார். கலாம் பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான பின்னரும் இதனை மேடைதோறும் நினைவுகூர்ந்தார்.

இந்நிகழ்வைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகப் பலர் கூறிவிட்டனர். நாம் சேர்க்க விரும்புவது ஒன்றுண்டு. சுரங்கத்தில் வளர்ந்தவருக்குத் தோல்வி என்பது ஓர் அளவீடு. தராசு எதிர்பாராத எண்ணைக் காட்டும்போது அதனைத் திட்டுவதாலோ, உதவியாளரைத் தண்டிப்பதாலோ பயனில்லை. எங்கே கசிந்தது என்று தேடவேண்டும். யாரைத் தண்டிப்பது என்று தேடத் தொடங்கும் இடத்தில், கசிவைக் கண்டவர் வாய்திறக்க மாட்டார். வடிவமைப்புகளையும் பிழைகளையும் வெளிப்படையாக, வெளியாரையும் அழைத்து மீளாய்வு செய்யும் வழக்கத்தை அந்நிறுவனத்தில் நிலைநிறுத்தியவர் தவான். பதினொரே மாதங்களில் மறுமுறை ஏவ முடிந்தமைக்கு அவ்வழக்கமும் காரணமாகும். எமது திணைக்களங்களிலும் சபைகளிலும் ஒரு பாலம் உடைந்தாலோ, குளத்தின் கட்டுப் பெயர்ந்தாலோ முதலில் நடைபெறுவது என்ன என்பதை வாசகர்களே அறிவர்.

சிறீஹரிகோட்டா என்பது பழவேற்காட்டு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் நீண்ட தீவு. மட்டக்களப்பு வாவியைப் போன்றே அதுவும் உவர்நீர் ஏரி. அதே வங்கக் கடலை அண்டியது. மீனவரும் நீர்ப்பறவைகளும் பங்கிட்டு வாழ்வது. கூழைக்கடாக்களும் நாரைகளும் பூநாரைகளும் அங்கு பெருந்தொகையாக வருகின்றன. ரொக்கெட் பணிகளுக்காகச் சென்று வந்த தவானின் மனத்தை அப்பறவைகள் ஈர்த்தன. பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் அவற்றிடம் முழுமையாகத் திரும்பினார். பறவைப் பறப்பு பற்றி அவர் எழுதிய விரிவான ஆய்வை இந்திய விஞ்ஞானக் கலாசாலை 1991இல் வெளியிட்டது.

2002ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ஆம் திகதி பெங்களூரில் அவர் காலமானார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் சிறீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2008இலும் 2019இலும் 2023இலும் சந்திரனை நோக்கிய இந்தியக் கலங்கள் புறப்பட்டது அத்தளத்திலிருந்தே.

பறவையைப் பற்றிய அந்த ஆய்வு, அவர் தொடக்கத்தில் செய்ததிலும் கடினமானதோர் அளவீட்டைத் தொட்டது. உலோகச் சிறகு தராசின்மீது அசையாது நிற்கும். கூழைக்கடாவின் சிறகோ ஒவ்வொரு வீச்சிலும் வளையும், முறுகும், விரியும். நுனி இறகுகள் கைவிரல்கள் போலப் பிரிந்து நிற்கும். தூக்குவிசை கணத்துக்குக் கணம் மாறும். உயிருள்ள பறவையைத் தண்டில் மாட்டி அளக்கவும் முடியாது. எனவே பறவையின் நிறை, சிறகின் பரப்பு, பறக்கும் வேகம், அதற்குச் செலவாகும் சக்தி ஆகியவற்றின் தொடர்புகளை வைத்து, வெளியே நின்று கணக்கிட வேண்டியிருந்தது. விமானத்துக்கு வகுத்த விதிகள் எந்த அளவுக்குப் பறவைக்கும் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாமற் போகும் என்பதை அவர் அதில் ஆராய்ந்தார். சிறகடிப்பின் தூக்குவிசையை முழுமையாக அளந்தறியும் பணி இன்றும் உலகின் பல ஆய்வுகூடங்களில் நடைபெற்று வருகின்றது.